நாற்காலிக்குப் பின்னால் நின்ற சம்பந்தி

கோவிலம்பாக்கம்,
புதன்கிழமை.

அன்பு மாறனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான், அப்பா, செல்வம்மாள் பெரியம்மா மூவரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அப்படித்தான் இருக்கிறாய் என்பது போன வாரம் வீடியோவில் உன் கன்னத்தைப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது, அதனால் நலம் விசாரிக்கும் பகுதியை இத்தோடு முடித்துக்கொள்கிறேன். டப்ளினில் மழை விடவே இல்லை என்றாய். இங்கே ராத்திரி மட்டும் பெய்துவிட்டுக் காலையில் ஒன்றும் நடக்காதது போல் வெயில் அடிக்கிறது, மொட்டை மாடியில் போட்ட துணி ஒரு நாளில் இரண்டு தடவை காய்கிறது. எதற்குக் கடிதம், போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனில் நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் அப்பா அதை முடித்துவிடுகிறார், பெரியம்மா அதற்குப் பதிலும் சொல்லிவிடுகிறாள், நான் தலையாட்டுவது மட்டும்தான் உனக்குத் தெரிகிறது. மூன்று வருடமும் வகுப்பில் வாயைத் திறக்காமலேயே பி.காம். வாங்கியவள் நான், எனக்கு எழுதினால்தான் பேச்சு வரும். நான் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்துக்குக் காலாண்டு லீவு, அப்பா டியூட்டிக்குப் போய்விட்டார், பெரியம்மா மார்க்கெட்டில் இருக்கிறாள், வீடு அமைதியாக இருக்கிறது. எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உனக்கு மட்டும் அனுப்புவேன், குடும்ப குரூப்பில் போட மாட்டேன், பயப்படாதே.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். நீயும் மிருதுளாவும் அடுத்த வாரம் ஊருக்கு வந்ததும் அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு வீட்டுப் பெரியவர்களும் முதல் தடவையாகப் பார்த்துக்கொள்ள வேண்டும், அதை வீட்டில் வைக்க வேண்டாம், நல்ல சைவ ஓட்டலாகப் பார்த்து வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லி மூன்று ஓட்டல் பெயர் அனுப்பினாய், போய்ச் சாப்பிட்டுப் பார்த்து எது சரி என்று சொல்லும்மா என்றாய். சம்பந்தம் முடிவாகாமல் ஒருத்தர் வீட்டில் ஒருத்தர் கை நனைக்கக்கூடாது என்பதுதானே நம்ம வழக்கம், ஓட்டல் யார் வீடும் இல்லை, அங்கே சாப்பிட்டால் கணக்கில் வராது என்று எனக்கே வழக்கம் கற்றுக்கொடுத்தாய். டப்ளின் தண்ணீர் குடித்து உனக்குச் சம்பிரதாயத்தில் இவ்வளவு பிடிப்பு வந்துவிட்டதே என்று சந்தோஷமாகத்தான் இருந்தது. காரணம் அது மட்டும்தானா என்று அப்போதே ஒரு சின்னச் சந்தேகம் வந்தது, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்ததால் அதை அப்படியே விட்டுவிட்டேன். இப்போது விட முடியாதபடி ஆகிவிட்டது. உங்கள் கல்யாணப் பேச்சு நின்றுபோகிற இடம் வரைக்கும் போய்த் திரும்பி வந்திருக்கிறது மாறா, முழுதாகத் திரும்பவும் இல்லை, மிச்சத் தூரம் உன் கையில் இருக்கிறது. அதனால் கடைசி வரை படி. நடுவில் நிறுத்திவிட்டு எனக்குப் போன் செய்யாதே, போனை அப்பாதான் எடுப்பார்.

முதல் ஓட்டல் வேளச்சேரிப் பக்கம் அந்தப் பெரிய கண்ணாடிக் கட்டடத்தில் இருக்கிற பஃபே. உள்ளே நுழைந்ததுமே குளிர் தாங்காமல் அப்பா தோளில் போட்டிருந்த துண்டைக் காதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார், அதற்குப் பிறகு எங்களைப் பார்த்து வணக்கம் சொன்ன பெண் வேறு பக்கம் பார்த்து வணக்கம் சொல்ல ஆரம்பித்தாள். ஒவ்வொரு பாத்திரத்துக்கு முன்னாலும் ஒரு சின்ன அட்டையில் பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள், நம் வீட்டில் செய்கிற உருளைக்கிழங்குப் பொடிமாஸுக்கு அங்கே இரண்டு வரியில் பெயர், அதைப் படித்து முடிப்பதற்குள் பின்னால் இருப்பவர் அள்ளிக்கொண்டு போய்விடுகிறார். ரசத்தைக் கட்டை விரல் உயரக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி ஒரு பையன் வரிசையாக வைத்திருந்தான். இன்னா தம்பி, ஜுரத்துக்குக் குடுக்கிற டானிக் மாறி கீது, ஒரு சொம்புல கொண்டாயேன் என்று அப்பா கேட்டார். அந்தப் பையன் மரியாதையாக அதைக் குறித்துக்கொண்டு போனான், திரும்பி வரவில்லை. சாப்பாடு மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒருத்தர் உட்கார்ந்தால் இன்னொருத்தர் தட்டோடு எழுந்து போகிற இடம் அது, அங்கே கல்யாணம் பேசினால் முகூர்த்த நாளை ஐஸ்கிரீம் வரிசையில் நின்றுதான் முடிவு செய்ய வேண்டியிருக்கும். வேண்டாம்.

இரண்டாவது குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோடு மேல் மூன்றாவது மாடி. அதற்குப் பெரியம்மாவையும் கூட்டிப்போனோம். லிஃப்டிலிருந்து இறங்கியதும் இன்னாடி லச்சுமி, கரண்டு போச்சா என்று கேட்டாள். அங்கே விளக்கே அப்படித்தான், நாகரிகமாக மங்கலாக வைத்திருக்கிறார்கள், அப்பா போனில் டார்ச் அடித்துக் கறிவேப்பிலையை ஒதுக்கினார். பக்கத்து மேசையில் ஒரு குழந்தைக்குப் பிறந்தநாள், அது முடிந்து அடுத்த மேசையில் ஒரு பெரியவருக்குப் பிறந்தநாள், எல்லோரும் கைதட்டியதால் நாங்களும் தட்டினோம். நீ மிகவும் நன்றாக இருக்கும் என்று எழுதிய பனீரை வரவழைத்தேன். பெரியம்மா ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பாக்கறதுக்கு கொடுவா துண்டு மாறி கீது, முள்ளும் இல்ல, வாசனையும் இல்ல, இத்த இன்னாத்துக்கு துன்றாங்க என்றாள். பரிமாற வந்தவருக்கு அது காதில் விழுந்து, அவர் சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்று சிரித்தார். அந்த ஓட்டலில் எனக்குப் பிடித்தது அந்த மனிதர் ஒருவர்தான்.

மூன்றாவதுதான் கிழக்குத் தாம்பரத்தில் ஸ்டேஷனைத் தாண்டி இருக்கிற பழைய சாப்பாட்டு ஓட்டல். இலைச் சாப்பாடு, ஏசி இல்லை, மேலே ஃபேன் சுற்றுகிற சத்தத்தில் சாம்பார் என்று கத்தினால்தான் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை மதியம் நானும் அப்பாவும் மட்டும் போனோம். அந்த ஓட்டலில் டோக்கன் கிடையாது, வரிசை கிடையாது. யார் சாப்பிட்டு முடிக்கிற மாதிரி தெரிகிறதோ அவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொள்ள வேண்டும், அதுதான் ரிசர்வேஷன். நாம் ரசத்துக்கு வரும்போது ஒரு ஆள் வந்து நிற்பார், மோருக்கு வரும்போது அவர் மூச்சு நம் கழுத்தில் படும். எனக்குப் பின்னால் யாராவது நின்றால் சோறு இறங்காது, உனக்குத் தெரியும். அப்பா எனக்கு நேர்மாறு, யாராவது நின்றால் அவருக்குப் பசி திரும்பி வந்துவிடும். அன்றைக்கும் ஒரு தம்பதி வந்தார்கள். இஸ்திரி மடிப்புக் கலையாத கட்டம் போட்ட சட்டையில் ஒல்லியான ஒருத்தர் அப்பாவுக்குப் பின்னால் நின்றார், அந்த அம்மாள் எனக்குப் பின்னால். அந்த அம்மாளின் கைப்பை என் தோளில் இடித்துக்கொண்டே இருந்தது, ஒவ்வொரு இடிக்கும் ஒரு சாரி சொன்னார், நானும் ஒவ்வொரு சாரிக்கும் பரவாயில்லை சொன்னேன், அதிலேயே என் பொரியல் ஆறிப்போயிற்று.

அப்பா திரும்பிப் பார்த்து, இன்னா சார், இலைல எதனா உங்குளுது வெச்சிட்டுப் போயிட்டீங்களா என்றார். இல்ல சார், நீங்க நிதானமா சாப்பிடுங்கோ, அவசரமே இல்ல என்றார் அவர், சொல்லும்போதே அவர் குடை அப்பாவின் நாற்காலி முதுகில் தொங்கிவிட்டது. அதைப் பார்த்ததும் அப்பா இன்னொரு முறை சாதம் கேட்டார். அப்புறம் வத்தக்குழம்பு. அப்புறம் அப்பளம் ஒன்று நொறுங்கிப்போனதால் இன்னொரு அப்பளம். நான் எழுந்துகொள்ளலாம் என்று சேலையை இழுத்துச் சரிசெய்தேன், நீ ஒக்காரு என்றார். நல்ல வேளையாக எங்களுக்கு எதிரில் இருந்த இருவர் எழுந்தார்கள், அந்தத் தம்பதி சுற்றிக்கொண்டு வந்து எங்கள் எதிரில் உட்கார்ந்தார்கள். அப்போதுதான் அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தேன். மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி, இடது புருவத்தில் ஒரு சின்னத் தழும்பு. நீ அனுப்பிய படத்தில் மிருதுளாவின் தோளில் கை போட்டுக்கொண்டு நின்ற அதே அம்மாள். இருக்காது, வேறு யாராவது இருக்கும் என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் வீட்டுக்காரரிடம், மிருதுளா சொன்ன மூணுல இதுதான் கொஞ்சம் தேவலைன்னா, வயத்துக்கு ஒண்ணும் பண்ணாது என்றார்.

இப்படி ஆகும் என்று உங்கள் இரண்டு பேரில் ஒருத்தருக்கும் தோன்றவில்லையா. ஒரே பட்டியலை அவள் அவள் வீட்டுக்கு அனுப்புவாள், நீ நம் வீட்டுக்கு அனுப்புவாய், இரண்டு வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமைதான் லீவு. கம்ப்யூட்டரில் இவ்வளவு வேலை பார்க்கிறீர்கள். நான் மேசைக்கடியில் அப்பாவின் காலை உதைத்தேன். இன்னாத்துக்கு ஒதைக்கிற என்று நாலு மேசைக்குக் கேட்கிற மாதிரி கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன், அப்புறம் என்னால் நிமிரவே முடியவில்லை, பெயரைச் சொல்லி வணக்கம் சொல்ல வேண்டியதுதானே என்று நீ கேட்பாய், கேட்பது சுலபம்.

இதற்குள் பாயசம் வந்தது. பாயசம் வந்தால் அப்பா எல்லோரோடும் சமாதானம் ஆகிவிடுவார். வத்தக்குழம்பு கேளுங்க சார், கேட்டாதான் குடுப்பான் என்று ஆரம்பித்தார். அவரும் சிரித்துப் பேச ஆரம்பித்தார், பையன் வீட்டுக்காரர்களைச் சந்திக்க இடம் பார்க்க வந்தோம் என்றார். அப்பா, இன்னா சார் இது, நாங்களும் அதுக்குத்தான் வந்துகீறோம், இப்போ எல்லா வூட்லயும் பசங்க ஓட்டல்லதான் வெக்கிறாங்க என்று தொடையைத் தட்டிச் சிரித்தார். ஊர், பெயர் எதுவும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். அந்த மனிதர் சிரிப்பை நிறுத்திவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டு, எங்க பொண்ணு ரொம்பப் பெரிய இடமாப் பாத்துட்டா சார், பையனோட பெரியம்மா சீ ஃபுட் எக்ஸ்போர்ட் பண்றாளாம், நாங்க ரெண்டு பெட்ரூம் ஃபிளாட்டுல இருக்கறவா, அவாளுக்கு எப்படி ஈடு குடுக்கறதுன்னே தெரியலை, சைவம் அசைவம்னு ஒரு வருஷம் யோசிச்சு இப்பதான் மனசைத் தேத்திண்டோம், அதுக்குள்ள இது வேற என்றார்.

மாறா, அந்த நிமிஷத்தில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. வீட்டில் வேண்டாம் என்றது, கை நனைக்கக்கூடாது என்றது, எல்லாம். ஆனால் அப்பாவுக்கு ஒன்றுமே விளங்கவில்லை. உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா. பாயசத்தை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, பெரிய இடம்னா பேஜாரு சார், எக்ஸ்போர்ட்டுகாரனுங்கள நான் பாத்துக்கீறேன், நாங்க கடக்கரை ஆளுங்க, கண்ணாடிய ஏத்திகினு கார்ல வருவானுங்க, எறங்கிப் பேச மாட்டானுங்க, பொண்ணக் குடுத்துட்டு அப்பறம் அவுங்க வூட்டு கேட்டாண்ட நிக்கணும், என்னக் கேட்டா இப்பவே வாணாம்னு சொல்லிருங்க என்றார். உன் கல்யாணத்தை உன் அப்பாவே, அதுவும் இவ்வளவு அக்கறையாக, நிறுத்திக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் சட்டென்று நிமிர்ந்து, நானும் அதையேதான் சொல்றேன், இன்னிக்கு சாயங்காலமே மிருதுளாகிட்ட பேசிடலாம்னா என்றார். அவரும் தலையை ஆட்டினார்.

என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று தெரியவில்லை. எக்ஸ்போர்ட் எல்லாம் இல்லைங்க, எங்க அக்கா கீழ்க்கட்டளை மார்க்கெட்ல மீன் விக்கிறாங்க, தரையில கூடை வெச்சு விக்கிறாங்க, உங்க பொண்ணு மிருதுளா, எங்க பையன் இளமாறன், நான் மஹாலட்சுமி, இவர் பேர் கோபு என்றேன். அவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன், மறுபடி ஒருமுறை சொல்லச் சொன்னால் வராது. அப்பாவின் பாயசக் கிண்ணம் பாதி வழியில் நின்றது. பரிமாறுகிறவர் வந்து, சார் முடிச்சாச்சா, பின்னாடி நிக்கிறாங்க என்றார். உண்மையாகவே எங்கள் நாலு பேருக்குப் பின்னாலும் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள், அதில் ஒருத்தர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். மிருதுளாவின் அப்பா சாம்பசிவன் சாருக்குக் காது சிவந்துவிட்டது. அவள் அம்மா அபிதகுஜாம்பாள் மாமி என்னை ஒன்றே ஒன்றுதான் கேட்டார். பையன் ஏன் அப்படிச் சொன்னான் என்றார். நான் தெரியவில்லை என்றேன். வேறு என்ன சொல்ல. வெளியே வண்டி நிறுத்துகிற இடத்தில் சாம்பசிவன் சார் அப்பாவிடம், மீன் விக்கறது எங்களுக்கு ஒண்ணும் இல்ல சார், சொந்தப் பெரியம்மாவை இருக்கறபடி சொல்ல முடியாத பையன் நாளைக்கு எங்க பொண்ணை யார்கிட்ட என்னன்னு சொல்வான், கொஞ்சம் யோசிச்சு சொல்றோம் என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார். கேம்ப் ரோடு சிக்னலில் அப்பா, அந்தாள் நல்ல மனுசன்டி என்றார்.

பெரியம்மாவுக்குச் சொல்லாமல் இருக்கலாம் என்று நினைத்தேன். அப்பா செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டார். அவள் சிரித்த சிரிப்பில் கீழ் வீட்டு ஜெஃப்ரி வந்து என்ன என்று கேட்டுவிட்டுப் போனான். மாறன் சொன்னது நெசம்தாண்டி, கீய்க்கட்டளைலேர்ந்து கோவிலம்பாக்கத்துக்கு தெனம் மீனு அனுப்பறேன், எக்ஸ்போர்ட்டு தானே என்றாள். மறுநாள் மார்க்கெட்டில் எல்லோரிடமும் சொல்லி, இப்போது அங்கே எல்லோரும் அவளை ஓனரம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு என்னிடம், நெசமா எக்ஸ்போர்ட்டு பண்றவங்க எப்டிடி இருப்பாங்க, என்ன மாறி பொம்பளைங்களும் கீறாங்களா என்று கேட்டாள். இருப்பாங்கக்கா என்றேன். அப்போ சரி என்றாள். இதை உன்னை அழவைக்க எழுதவில்லை. அவள் கேட்டாள், நான் எழுதினேன். நான் காலேஜ் போன நாளெல்லாம் கடற்கரையில் எங்கள் இரண்டு பேர் கூடையையும் அவள் ஒருத்திதான் தூக்கினாள், அது உனக்குத் தெரிந்ததுதான்.

திங்கள் முழுவதும் அவர்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. நான் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், இரண்டு வேளைக் குழம்பிலும் உப்புப் போடவில்லை, அப்பா சொல்லாமல் சாப்பிட்டார். நேற்று, செவ்வாய்க்கிழமை காலையில், மாமி தனியாகக் கீழ்க்கட்டளை மார்க்கெட்டுக்கு வந்திருக்கிறார். இனி எழுதுவது பெரியம்மா சொன்னது, அதில் பாதியைக் கழித்துக்கொள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் பூக்கடை ஓரமாக ஒரு அம்மாள் சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றிருக்கிறார். பெரியம்மாவுக்கு ஆள் தெரியாது. இன்னாம்மா அங்கியே நின்னுகினு கீற, வஞ்சிரம் வோணுமா, சங்கரா வோணுமா, கிட்ட வா, மீனு கடிக்காது என்று கூப்பிட்டிருக்கிறாள். மாமி ரோட்டைத் தாண்டி வந்து, நான் மீன் வாங்க வரலை, நான் மிருதுளாவோட அம்மா, உங்களைப் பாக்கத்தான் வந்தேன் என்றாராம்.

பெரியம்மா கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, பிளாஸ்டிக் டப்பா ஒன்றைக் கவிழ்த்து மேலே சாக்கு விரித்து உட்காரச் சொல்லியிருக்கிறாள். பக்கத்து ஜூஸ் கடைக் கெசியாவிடம், சாத்துக்குடி ஒண்ணு போடுமே, புது டம்ளரா பாத்துக் குடு என்று கத்தியிருக்கிறாள். மாமி உட்கார்ந்தார். சுற்றிலும் செதில், தண்ணீர், பூனை, அதற்கு நடுவில் உட்கார்ந்து உன்னைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார், உங்க பையன் ஏன் அப்படிச் சொன்னான்னு உங்களுக்காவது தெரியுமா என்று. பெரியம்மா உனக்காக நல்ல வார்த்தை நாலு சொல்லியிருப்பாள் என்று நினைக்காதே. அவன் எப்பவும் அப்டித்தாம்மா, சின்னதுல லீவுக்கு இங்க வந்து ஒக்காந்தா நேத்து மீன இன்னிக்கிப் புட்சதுன்னு சொல்லி வித்துக் குடுத்துடுவான், வாயி அப்டி, ஆனா வாங்கினவங்க திரும்ப வந்து திட்டுனா ஓட மாட்டான், நின்னு வாங்கிக்குவான் என்றாளாம். மாமி சிரித்துவிட்டாராம். சிரித்துக்கொண்டே ஜூஸைக் குடித்து முடித்து டம்ளரைக் கெசியாவிடம் அவரே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். மதியம் பெரியம்மா வீட்டுக்குள் நுழையும்போதே, கை நனைச்சிட்டாங்கடி லச்சுமி என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ஜூஸ் எல்லாம் கணக்கில் வராதுக்கா, அதுவும் மார்க்கெட்டில் என்றேன். என் கடதான்டி எனக்கு வூடு, அங்க ஒக்காந்து துன்னா கணக்குதான், நீ பி.காம். படிச்சிட்டு இதுகூடத் தெரியாம கீற என்றாள்.

சாயங்காலம் மாமி எனக்குப் போன் செய்தார். அப்பா எடுக்க வந்தார், நான் கொடுக்கவில்லை. அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமைக்கு எந்த ஓட்டலை முடிவு பண்ணியிருக்கேள் என்று கேட்டார். யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை மாறா, பெரியம்மா குளித்துக்கொண்டிருந்தாள், எங்க வீட்டுக்கே வாங்க மாமி என்று நானே சொன்னேன். அதற்கு மாமி, தப்பா எடுத்துக்க மாட்டேளே, சமையலுக்குப் பாத்திரம் மட்டும் நான் எடுத்துண்டு வரேன், காலம்பறவே வந்து உங்களோட சேர்ந்து பண்றேன் என்றார். இதற்குள் பெரியம்மா ஈரத்தலையோடு வந்துவிட்டாள், கொண்டாரச் சொல்லு, நம்ம அடுப்பு நல்லா எரியும், அத்தப் பத்தி ஒண்ணியும் கவலப்பட வாணாம்னு சொல்லு என்று பின்னாலிருந்து குரல் கொடுத்தாள், மாமிக்கு அது நேராகவே கேட்டுவிட்டது. அதனால் நீ அனுப்பிய மூன்று ஓட்டலும் ரத்து. வெண்டைக்காய் மோர்க்குழம்பு, சேனை வறுவல், மாமியின் சாம்பார், பாயசம் அப்பாவுக்காக.

இனிதான் உனக்கு உள்ள வேலை. மாமி போனை வைக்கும் முன் சாம்பசிவன் சாரிடம் கொடுத்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மிருதுளாகிட்ட நாங்க இதைச் சொல்லலை, சொல்லவும் மாட்டோம், உங்க பையனே சொல்லட்டும், சொல்லிட்டான்னா ரெண்டு பேருமா சேர்ந்து வரட்டும், நாங்க சாப்பிட வரோம், அவ இந்த சனிக்கிழமை எங்களோட போன்ல பேசுவா, அதுக்குள்ள சொல்லலைன்னா அவ மட்டும் தனியா ஊருக்கு வந்தாப் போதும், நாங்களும் உங்காத்துக்கு வரதா இல்லை என்றார். குரலை உயர்த்தவில்லை, அப்பா சொன்னது சரி, நல்ல மனிதர்தான். நீ சொன்னால் அவள் கோபிப்பாள். கோபித்தால் நின்று வாங்கிக்கொள். சப்ளை, சந்தை, தொழில்முனைவோர் என்று ஏதாவது புது வார்த்தை கண்டுபிடித்துச் சுற்றி வளைக்காதே. பெரியம்மா மார்க்கெட்டில் கூடை வைத்து மீன் விற்கிறாள், நான் வெட்கப்பட்டு மாற்றிச் சொன்னேன், இரண்டு வாக்கியம் போதும். நான் ஒரு ஓட்டல் முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டேன், உனக்கு ஒரு அறைக்குள் ஒரு பெண்ணிடம் சொல்ல என்ன கஷ்டம்.

அதைச் சொல்லி முடித்த பிறகு மற்றதைப் பார்க்கலாம், இங்கே எங்கே எதைச் சாப்பிடலாம் என்று இப்போதே எழுதிவிடுகிறேன். வந்து இறங்குகிற காலையில் மீனம்பாக்கத்தில் காபி குடிக்காதே, பத்து நிமிஷம் பொறுத்தால் பல்லாவரத்தில் மேம்பாலத்துக்குக் கீழே பித்தளை ஃபில்டர் வைத்துப் போடுகிற கடை இருக்கிறது, சர்க்கரை கம்மி என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மிருதுளாவை வெளியே கூட்டிப்போக ஆசைப்பட்டால் குன்றத்தூர் மலைக்குக் கூட்டிப்போ, சாமி கும்பிட்டு இறங்கி வந்து அடிவாரத்தில் தள்ளுவண்டியில் சுடச்சுட மிளகாய் பஜ்ஜி, வேண்டுதல் நிறைவேறுகிறதோ இல்லையோ அது நிச்சயம். சிட்லப்பாக்கம் ஏரிக் கரையில் சாயங்காலம் சுண்டல் நன்றாக இருக்கிறது. மழை பெய்கிற நாளில் பானிபூரி கூடாது, எங்கேயும் கூடாது, வாதாடாதே. மேடவாக்கத்தில் புதிதாக வந்திருக்கும் பரோட்டாக் கடைக்கு நீ கூட்டிப்போவாய் என்று அப்பாவுக்கு ஆசை காட்டி வைத்திருக்கிறேன், அவரை உன் கணக்கில் சேர்த்துக்கொள். மிருதுளா அங்கே உன்னோடு சேர்ந்து மீன் சாப்பிடக் கற்றுக்கொண்டாளா இல்லையா என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் மாட்டேன், மாமி முன்னால் நீயும் உளறாதே.

நீங்கள் இருவரும் ஒருவரிடம் ஒருவர் ஒளிக்க ஒன்றும் இல்லாமல், வயிறும் மனதும் நிறைந்து நெடுநாள் வாழ வேண்டும் என்று அம்மாவும் அப்பாவும் பெரியம்மாவும் ஆசீர்வதிக்கிறோம். விமானத்தில் கால் மரத்துப்போகும், எழுந்து எழுந்து நட. ஸ்வெட்டரைப் பெட்டியில் போடாமல் கையில் வைத்துக்கொள். சனிக்கிழமை என்பது அங்கே உனக்கு வருகிற சனிக்கிழமை இல்லை, இங்கே எங்களுக்கு முன்னாலேயே வந்துவிடும், அதையும் ஞாபகம் வைத்துக்கொள். நீ சொன்னதும் மிருதுளா என்ன சொன்னாள், எவ்வளவு கோபித்தாள் என்று எனக்கு நீ எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். அவள் தன் அம்மாவிடம் சொல்வாள், மாமி எனக்குச் சொல்லிவிடுவார், அப்படித்தான் பேசி வைத்திருக்கிறோம்.

பிரியத்துடன்,
உன் அம்மா,
கோ. மஹாலட்சுமி